புண் ஆறிய பிறகு

கறுப்பன் எங்கள் வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது; எங்கள் சந்துக்கே பொதுவானவன். பாகான் டாலாமில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் வளர்ந்த கடுவன். காலையில் எங்கள் பின்வாசலில் கானாங்கெளுத்தித் தலை, மாலையில் எதிர்வீட்டு அக்கா வைக்கும் சோறு.

ஒரு மழைநாளில் தும்ம ஆரம்பித்தான். சளிதான் என்று நினைத்தேன். ஹெர்பெஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களால் பூனைகளுக்குச் சளிக்காய்ச்சல் வருவது சாதாரணம். சின்ன வயதில் அம்மா எங்களுக்குச் செய்ததுபோல, அவன் படுக்கும் சாக்கின் ஓரத்தில் கோடாலித் தைலம் தடவினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது. நம் கல்லீரல் எளிதாக வெளியேற்றிவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரை வாங்கிவிடும். தைலமும் அதற்கு நஞ்சுதான்.

மீன் தலையின் அருகே வந்து முகர்வான், திரும்பிப் போய்விடுவான். பூனை மோந்து பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்துவிட்டால் அதற்கு எதிரே இருப்பது சாப்பாடாகவே தெரியாது. சார்டினை இளஞ்சூடாக்கி, மணம் எழும்பும்படி வைத்தபோது மட்டும் இரண்டு வாய் தின்றான்.

அடுத்த வாரம் மூக்குத்தண்டு வீங்கி, உடைந்து, புண்ணானது. கிளினிக்கில் டாக்டர் முதலில் கையுறை போட்டுக்கொண்டார். கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். ஸ்போரோட்ரிகோசிஸ் என்றார். 1898இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஷெங்க் என்பவர் முதலில் விவரித்த பூஞ்சை நோய். மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் வாழும் பூஞ்சை அது; உடலுக்குள் போனதும் ஈஸ்ட்டாக உருமாறிவிடும். வேறு நாடுகளில் ரோஜா முள் குத்திய தோட்டக்காரர்களுக்கு வருவது, மலேசியாவில் பெரும்பாலும் பூனையின் நகத்தாலும் பல்லாலும் வருகிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1990களின் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு இப்படிப் பரவியிருக்கிறது. கடுவன்கள் முகத்துக்கு முகம் சண்டை போடுவதால் முதலில் மாட்டிக்கொள்வது மூக்கு.

அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "ஆளுக்கும் ஒட்டுமாமே. எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருப்பா."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கொண்டுபோய் விட்ட பூனை அங்கே போய்ச் சும்மா இருக்காது. சந்தைப் பக்கம் விட்டால் அங்குள்ள கடுவன்களோடு சண்டை போடும். நோய் புதிய தெருவுக்குப் போகும். நம் கண்ணுக்கு மறைந்ததை ஒழிந்ததாக எண்ணுவதில்தான் இந்த நோய் பிழைக்கிறது. கூண்டில் தனியாக வைத்து, கையுறையோடு தொட்டு, மருந்து கொடுத்தால் அது அந்தக் கூண்டோடு முடிந்துவிடும். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

கறுப்பனைக் கூண்டில் வைத்து, டாக்டர் தந்த இட்ராகொனசோல் குளிகையைப் பிரித்து, தினமும் சார்டினில் கலந்து வைத்தேன். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம் புண் மூடி, அந்த இடத்தில் முடியும் முளைக்கத் தொடங்கியது. அத்தோடு நிறுத்திவிடலாம் என்று மனம் சொன்னது. மருந்துக்கு ஆகும் செலவும் சொன்னது. டாக்டர் கண்டிப்பாக மறுத்தார். புண் முழுவதும் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்திய பூனைகளுக்குத்தான் நோய் திரும்பி வருகிறது என்றார்.

புண் இருந்தவரை இரக்கமே என்னைக் கூண்டுப் பக்கம் இழுத்துப் போனது. ஆறிய பிறகு இரக்கத்துக்கு வேலை இல்லை. நன்றாக இருக்கும் மூக்கைப் பார்த்துக்கொண்டே தினமும் குளிகையைப் பிரிக்க வேறொன்று வேண்டியிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் எங்களைக் கஞ்சியிலேயே வைத்திருப்பாரே அம்மா, அந்தப் பிடிவாதம்.

அந்தக் கடைசி மாதத்தில் ஒருநாள், பின்வாசலில் அக்கா நின்றிருந்தார். கையில் ஒரு சார்டின் டின்.

"மருந்து முடிஞ்சுதாப்பா?"

"இன்னும் பத்து நாள் இருக்குக்கா."

"அப்ப இதையும் வச்சுக்க."

டின்னைத் திறக்கும் முன்பே, கூண்டுக்குள் கறுப்பன் எழுந்து நின்று மூக்கை உயர்த்தினான்.