மாமாவின் கல்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்பவர்கள் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி, பேராதனைக்கு முன்பாகக் கடந்து செல்லும் சிறிய ஊர் பிலிமத்தலாவை. வீதியின் இருமருங்கிலும் பித்தளை விளக்குகள் தொங்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். சற்று உள்ளே சென்றால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று பழைய கோயில்கள். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் ஒரு கல்வெட்டு உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். எனினும் இன்று நான் எழுத வந்தது எழுத்தே இல்லாத வேறொரு கல்லைப் பற்றி.

எனது வீட்டின் பின்புறம், மதிலோரமாக அது கிடக்கிறது. முட்டை வடிவம், கைபட்டு வழவழப்பானது. பிடித்துக்கொள்ள ஒரு மேடு பள்ளம் கிடையாது. அதுதான் அதன் கெட்டித்தனம். சென்ற மாதம் மதிலைத் திருத்த வந்த மேசன், அதனை உடைத்து அத்திவாரத்தில் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது அவருக்குச் சொல்ல ஒரு வரியில் பதில் என்னிடம் இருக்கவில்லை.

அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சிறுவனாக இங்கு வந்தவர். அப்பாவின் பலசரக்குக் கடையில் மூட்டை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. குள்ளமான மனிதர். சட்டை போட்டிருந்தால் பலசாலி என்று எவரும் சொல்லமாட்டார்கள். தமது ஊரில் கோயிலடியில் கிடந்த இளவட்டக்கல்லை இளைஞர்கள் தூக்கியதை அவர் சிறுவயதில் கண்டிருக்கிறார். அதைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று அடிக்கடி சொல்வார். கல்யாணக்கல், மாப்பிள்ளைக்கல் என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. இங்கே அப்படி ஒரு கல் இல்லையே என்ற குறையைப் போக்க, பேராதனையில் மகாவலிக் கரையிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் இந்தக் கல்.

தைப்பொங்கலன்று பானை இறக்கியதும் கடை முற்றத்தில் கூட்டம் கூடும். தமிழர் மட்டுமல்லர், பித்தளைப் பட்டறைகளில் வேலை செய்யும் சிங்கள இளைஞர்களும் வருவார்கள். மாமா வேட்டியை மடித்துக்கட்டிக் கல்லுக்கு முன்னால் குந்துவார். இரு கைகளையும் அடியில் கொடுத்து மெல்ல உருட்டித் தொடைமீது ஏற்றுவார். அங்கே ஒரு நிறுத்தம். பிறகு குழந்தையை அணைப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுவார். எழுந்தபின் இன்னொரு நிறுத்தம். வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து வலது தோளுக்கு. தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தை ஒருமுறை சுற்றிவந்து, பின்னால் போடுவார். அந்த ஓசையில் கடைத் தகரம் அதிரும். அவருக்குப் பின் முயன்றவர்களில் பெரும்பாலானோருக்குத் தொடையே எல்லை. பட்டறைப் பையன் ஒருவன் ஒரு வருடம் நெஞ்சுவரை கொண்டுவந்தான். அவனுக்கு மாமா தமது பங்குப் பொங்கலைக் கொடுத்தார்.

கல் எவ்வளவு நிறை என்று கேட்டால், "ரெண்டு அந்தர்" என்பார். அந்தர் என்பது நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல். இன்றைய கணக்கில் ஐம்பது கிலோவுக்குச் சற்று அதிகம். மூட்டைகளோடு வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு அதுவே அளவு.

1970ஆம் ஆண்டளவில், கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் பிரதேசச் செய்திகள் அனுப்பத் தொடங்கியிருந்தேன். கண்டி நகரில் ஒரு பளுதூக்கல் போட்டி நடைபெறவிருப்பதை அறிந்து, மாமாவை வற்புறுத்தி அழைத்துச் சென்றவன் நானே. அப்போது மூன்று முறைகளில் தூக்கவேண்டும்: தோளிலிருந்து கைகளால் மட்டும் மேலே அழுத்துவது, ஒரே வீச்சில் தலைக்குமேல் இழுப்பது, நெஞ்சுக்குக் கொண்டுவந்து பின் உயர்த்துவது. முதலாவதை நடுவர்களால் சரிவரத் தீர்மானிக்க முடியாமல், 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் பின்னர் கைவிட்டுவிட்டார்கள்.

மாமா இரும்புக் கம்பியையும் கல்லைப்போலவே தூக்கினார். தொடையில் ஏற்றினார், நிறுத்தினார், வயிற்றில் தாங்கினார். தூக்கியதென்னவோ உண்மை. ஆனால் கம்பி நெஞ்சுக்கு ஒரே இழுப்பில் வரவேண்டும் என்பது விதி. மூன்று முறையும் செல்லாது என்றார்கள். நடுவர்கள்மீது குற்றமில்லை, விதியை அவருக்குச் சொல்லிக்கொடுக்காத என்மீதுதான் குற்றம். விதி எனக்கே தெரியாது.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்கு ஈடுசெய்வதாக எண்ணி, அடுத்த பொங்கலுக்கு அந்தக் கல்லைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். அதிலும் ஒரு பிழை விட்டேன். இரண்டு அந்தர் என்று எழுதினால் எவர் நம்புவார், நிறுத்தது யார் என்று ஆசிரியபீடம் கேட்குமே என்ற அச்சத்தில், "சுமார் ஒன்றரை அந்தர்" என்று நானாகவே குறைத்து எழுதினேன். பத்திரிகை வந்த அன்று மாமா எவரையோ கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இரவு வந்து சொன்னார்: "மருமகனே, கல்லு ஒனக்கு என்னா பாவஞ் செஞ்சிச்சு? அதோட நெறையக் கொறச்சிப்புட்டியே."

நான் சிரித்துச் சமாளித்தேன். திருத்தம் வெளியிடவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் குடும்பத்தையும் அந்தக் கணக்கு பிரித்தது. அம்மா இங்கே, தம்பி அங்கே. 1973இல் மாமா புறப்பட்டார். தலைமன்னாருக்குச் செல்லும் அந்த ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பெட்டி படுக்கைகளுக்கு நிறைக்கட்டுப்பாடு இருந்ததால் அம்மிக்குழவியைக் கூட விட்டுச்சென்றவர்கள் உண்டு. கல்லை எங்கே கொண்டு போவது? போகும்போது ஒருதடவை தூக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

1983 ஜூலையில் கடை எரிந்தது. கல் அப்படியே கிடந்தது.

கூடலூரிலிருந்து மாமா எழுதுவித்த கடிதங்கள் எப்போதாவது வரும். ஒன்றில், கல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். பதில் எழுதுவதைத் தள்ளிப்போட்டேன். பத்திரிகைக்காரனுக்கு வேலைக்கா பஞ்சம்! அடுத்து வந்தது அவர் மகன் அனுப்பிய மரண அறிவித்தல்.

நிற்க. ஓய்வுபெற்ற பின்னர் பளுதூக்கலின் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையால் தூக்கும் போட்டி ஒன்று தனியாக இருந்தது. ஸ்கொட்லாந்தின் லோன்ஸ்ரன் எலியட் அதில் வென்றார். இரு கைப் போட்டியில் அவரும் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் ஒரே எடையைத் தூக்கியபோது, தூக்கிய அழகைப் பார்த்து ஜென்சனுக்கு முதலிடம் கொடுத்தார்கள். 1924இல் ஐந்து முறைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு ஒரு கையால். 1928இல் ஒரு கை முறைகள் நீங்கி மூன்றானது. இன்று இரண்டு மட்டுமே. பிரான்சில் அப்பலோன் என்ற பலசாலி வைத்திருந்த, ரயில் சக்கரங்கள் பூட்டிய தடித்த அச்சு ஒன்று 166 கிலோ. 1930இல்தான் சார்ல்ஸ் றிகுலோ அதனைத் தலைக்குமேல் உயர்த்தினார். ஸ்கொட்லாந்தில் இன்றும் டின்னி கற்கள் என்ற இரு கற்களைத் தூக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். இரண்டும் சேர்ந்து 332 கிலோவுக்கு மேல்.

ஒலிம்பிக் கைவிட்ட முறைகளையெல்லாம் பேணுவதற்கு 1987இல் ஒரு சர்வதேச அமைப்பே உருவாகியிருக்கிறது. சகலவகைப் பளுதூக்கல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஒரு கையால், முதுகுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில் என்று எத்தனையோ முறைகள். வயதையும் உடல் எடையையும் கணக்கிட்டுப் புள்ளி கொடுப்பதால் எழுபது வயதுக்காரரும் களத்தில் நிற்கிறார். அந்த முறைகளுள் ஒன்றைப் படித்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கம்பியை நெஞ்சுக்குக் கொண்டுவரும் வழியில் வயிற்றிலோ இடைப்பட்டியிலோ தாங்கி, பிடியை மாற்றிக்கொண்டு, படிப்படியாக ஏற்றலாமாம். ஐரோப்பியர் பழைய காலத்தில் அப்படித்தான் தூக்கினார்களாம். மாமா கண்டியில் செய்தது அதுவேதான்.

நம் நாட்டு வீரர் சிந்தன விதானகே 2006 மெல்பேர்ன் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 62 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் 77 கிலோ பிரிவில் வென்றார். அவர்கள் வெற்றியில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் இரும்புக் கம்பி என்பது கைக்கு ஏற்றவாறு மனிதன் செய்தது, கல் அப்படியன்று. அதற்கு மனிதன்தான் இணங்கிப்போகவேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல்தோறும் இளவட்டக்கல் போட்டி நடைபெறுகிறது. பெண்களும் தூக்குகிறார்கள். இந்தப் பொங்கலுக்கு டொரண்டோவிலிருந்து மகள் அதன் காணொளியை அனுப்பி, "அப்பா, நம்ம வீட்டுக் கல்லு எவ்வளவு?" என்று கேட்டாள். ஐம்பது ஆண்டுகளாக அதை நிறுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

மேசனின் கேள்வியும் மகளின் கேள்வியும் சேர்ந்து உந்த, மறுநாள் மூவர் துணையோடு கல்லை முச்சக்கரவண்டியில் ஏற்றி, பழைய பித்தளை வாங்கும் கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார். "மஹத்தயா, இதில் பித்தளை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே தராசில் வைக்கச் சொன்னார்.

98 கிலோ.

மாமா சொன்ன இரண்டு அந்தருக்கு மூன்றரைக் கிலோ குறைவு. நான் எழுதிய ஒன்றரை அந்தரைவிட ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோ கூடுதல். ரசீது தரமுடியுமா என்று கேட்டேன். அவரிடம் இருந்தது அச்சிட்ட ரசீதுப் புத்தகம். அதில் கல் என்ற வகையில்லை. "பித்தளை, 98 கிலோ" என்று எழுதி, விலைக்குரிய இடத்தில் ஒரு கோடு போட்டுத் தந்தார். அதன் பிரதியொன்றைக் கூடலூருக்கு, மாமாவின் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மேசன் கல்லைச் சுற்றி மதிலை வளைத்துக் கட்டவேண்டியிருப்பதாகச் சொல்லி, கூலியில் ஒருநாள் சேர்த்துவிட்டார்.