உணராத தோலுக்குக் காவல்

மூளையிலிருந்து இறங்கி முதுகெலும்பின் உட்குழாய் வழியே செல்லும் நரம்புக் கற்றையைத் தண்டுவடம் என்பர். துப்பாக்கிக் குண்டோ கண்ணிவெடிச் சிதறலோ மலைச்சரிவில் நேர்ந்த வீழ்ச்சியோ அதைச் சிதைத்துவிட்டால், சிதைந்த இடத்துக்குக் கீழே கால்களின் அசைவோடு தொடுவுணர்வும் வலியுணர்வும் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விடுகின்றன. இவ்வாறு காயமுற்ற படைவீரரைக் காண வருவோர் அவர் இனி நடக்க மாட்டாரே என்று வருந்துகின்றனர்; அவரைப் பராமரிக்கும் செவிலியரோ அவருக்கு இனி வலிக்காதே என்றுதான் அஞ்சுகின்றனர்.

நலமாக உறங்கும் மனிதர் ஓரிடம் அழுந்தும்போது தம்மை அறியாமலே புரண்டு படுக்கிறார். தண்டுவடம் சிதைந்தவருக்கு அந்த அழுத்தம் தெரிவதில்லை. ஆகவே உடல் எடை முழுவதும் குதிகாலிலும், இடுப்பின் பின்புற எலும்பிலும், உட்காரும்போது தரையைத் தொடும் எலும்பு முனைகளிலும் மணிக்கணக்கில் இறங்கி, எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாமல் அது அழுகத் தொடங்குகிறது. இதுவே படுக்கைப் புண். இதன் கொடுமை என்னவெனில், அழிவு பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி மேலே வருவதால், தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு நிறம் மாறும்போது உள்ளே அதைவிடப் பெரிய குழி விழுந்திருக்கக்கூடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி மீண்டும் சிவக்க வேண்டும் என்றும், வெளிறாவிட்டால் அந்தப் பக்கத்தில் எடையே படக்கூடாது என்றும் பாடநூல்கள் கற்பிக்கின்றன. ஆனால் அந்நூல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், அனுபவமுள்ள செவிலியர் கண்ணைவிடப் புறங்கையை நம்பி, சுற்றியுள்ள இடத்தைவிட அவ்விடம் சூடாக இருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கின்றனர். மாணவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இது.

முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். இறப்பே அக்காயத்தின் இயல்பான முடிவு என்று மருத்துவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தனர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் அதை ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் பொறுப்பில் தொடங்கிய பிரிவில், ஒவ்வொரு நோயாளியையும் இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது விதியாயிற்று. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தையில் போட்டியிட்டதையும், அதிலிருந்தே பாராலிம்பிக் வளர்ந்ததையும் உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதே. ஆயினும் அவர்கள் வில்லைப் பிடிக்கும்வரை உயிரோடு இருந்ததற்கு, நள்ளிரவில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அவர்களைப் புரட்டிய, பெயர் பதிவாகாத கைகளே காரணம்.

சிறுநீர்ப்பை இன்னொரு காவல். அது தானாகக் காலியாகாது என்பதால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்தி வடிக்க வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் சிதைந்தவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியும்போது, உடலின் தன்னியக்க நரம்புகள் கட்டுமீறி, இரத்த அழுத்தம் திடீரென ஏறி, தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துச் சிவக்கும். அப்போது அவரைப் படுக்க வைப்பது ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் பொருத்தியிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இதை அறியாத உறவினர் மயக்கம் என்றெண்ணிப் படுக்க வைத்துவிடுவதுண்டு. அதனால் இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படைவீரர் என்பதால் வரும் சிக்கலும் உண்டு, பலமும் உண்டு. உடல் உபாதையைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதே வீரம் என்று பழகியவர், காய்ச்சலையும் கசியும் புண்ணையும் மறைத்துவிடுகிறார். மனச்சோர்வையோ இன்னும் ஆழமாக மறைக்கிறார். அதே மனிதரிடம், துப்பாக்கியைத் துடைத்துப் பார்ப்பதுபோல் காலையும் இரவும் கண்ணாடி பிடித்துத் தம் பின்புறத்தைத் தாமே பார்க்க வேண்டும், அரைமணிக்கு ஒருமுறையேனும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி உடலைத் தூக்க வேண்டும் என்று சொன்னால், அந்த ஒழுங்கைப் பலர் வியக்கத்தக்க விதத்தில் கைக்கொள்கின்றனர். புனே அருகே கட்கியில் 1974இல் இத்தகைய வீரர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் உருவானது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டுகள் பாய்ந்து செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் 1972இல் ஹைடல்பர்க் நகரில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற அமெரிக்க விமானப்படையினருக்காக ஹோவர்ட் ரஸ்க் வகுத்த மறுவாழ்வு முறை, தாமே விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அவரிடம் நியூயார்க்கில் பயின்று திரும்பியதால், 1966இல் வேலூரில் ஒரு நிறுவனமாகவே வேரூன்றியது.

இவ்வளவும் மருத்துவமனைக்குள் நடப்பவை. உண்மையான சோதனை வீரர் ஊர் திரும்பிய பிறகே தொடங்குகிறது. 2003இல் வந்த முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வழி செய்கிறது. ஆனால் அகலம் குறைந்த கழிவறைக் கதவும், உயர்ந்த வாசற்படியும், கணவரை நாளெல்லாம் தூக்கித் தூக்கி மனைவிக்கு வந்த முதுகுவலியும் எந்த மருந்துச் சீட்டிலும் ஏறுவதில்லை. வீட்டுக்குச் செல்லும் பணியாளர் திண்ணையில் அமர்ந்து நலம் கேட்பதோடு திரும்பிவிடாமல், நாற்காலி மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துக் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்; கால்சட்டையின் பின்பையில் பணப்பை இருந்தால் எடுத்துவிடச் சொல்கிறார்; பிறகு மனைவியைத் தனியே அழைத்து, இரவில் கணவரைப் புரட்டிவிடுவது யார், நீங்கள் உறங்குவது எப்போது என்று கேட்கிறார்.