வேலிக்கருவையும் 6.10 பஸ்ஸும்

ஹாஸ்டல்காரங்க இதைப் படிக்காம தள்ளிட்டுப் போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். இது விடியக்காலையில சைக்கிள் மிதிச்சு மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கிற டே ஸ்காலர் மக்களுக்கு.

எங்க ஊர்ல இருந்து பஸ் ஸ்டாப் 5 கிலோமீட்டர். வழி நெடுக ரெண்டு பக்கமும் வேலிக்கருவை. 6.10 பஸ்ஸை விட்டா அடுத்தது 7.40, முதல் ரெண்டு ஹவர் அவ்வளவுதான். போன செமஸ்டர்ல என் அட்டென்டன்ஸ் 76 சதவீதம். 75-க்குக் கீழ இறங்கினா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வீட்டுல வழியில்லை. பிளஸ் ஒன்ல அரசு கொடுத்த சைக்கிள்தான் இன்னும் ஓடுது. அதனால டியூப் விஷயத்துல நான் கொஞ்சம் ஓவராவே ஆராய்ச்சி பண்ணிட்டேன்.

கடையில போய் "26 டியூப் குடுங்கண்ணே"ன்னு மட்டும் கேக்காதீங்க. 26 இன்ச்ங்கிற பேர்ல வேற வேற சைஸ் இருக்கு. டயர் ஓரத்துல 37-590 மாதிரி ஒரு எண் இருக்கும். முதல்ல வர்றது டயரோட அகலம், அடுத்தது டயர் ரிம்ல உட்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. என் 26 × 1 3/8 டயருக்கு 590; கியர் சைக்கிள்ல வர்ற 26 × 1.95-க்கு 559. டயர் மாறினா ஏறவே ஏறாது. டியூப் ரப்பர்ங்கிறதால எப்படியாவது உள்ள போயிடும், அதுதான் சிக்கல். பெருசா இருந்தா மடிப்பு விழும், சின்னதா இருந்தா இழுபட்டு மெலிஞ்சுபோகும்.

அடுத்து வால்வு. பழைய வால்வுக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் வால் டியூப் நாள்பட்டா கிழியும். பஞ்சரே இல்லாம காத்து இறங்குதுன்னா, வால்வு வாயில எச்சில் தொட்டு வைங்க. குமிழி வந்தா அதுதான் ஆள். பைக்ல இருக்கிற மாதிரி வால்வு வெச்ச டியூபும் கிடைக்குது. பெட்ரோல் பங்க்ல காத்து பிடிக்கலாம், ஆனா விட்டு விட்டுப் பிடிங்க. சைக்கிள் டியூப் கொள்ளளவு ரொம்பக் கம்மி.

பஞ்சர் ஆனா ஓட்டை எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. ரோட்டைப் பார்த்த பக்கம் ஒத்த ஓட்டைன்னா முள்ளோ ஆணியோ. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெட்டு, பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா, காத்து கம்மியா இருக்கும்போது குழியில இறங்கி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கியிருக்கு. பின்னாடி ஃப்ரெண்டை ஏத்திட்டுப் போறவங்களுக்கு அடிக்கடி வரும். ரிம் பக்கம் ஓட்டைன்னா, உள்ளே ஸ்போக்கு தலையை மூடுற ரிம் டேப் நகர்ந்திருக்கு. டேப்பைச் சரி பண்ணாம எத்தனை டியூப் மாத்தினாலும் அதே கதைதான்.

டியூபைக் கழட்டும்போது டயர்ல வால்வு இருந்த இடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்குங்க. அப்புறம் டியூபையும் டயரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா முள் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும். வெறும் விரலை உள்ள விட்டுத் தடவாதீங்க, வேலிக்கருவை குத்தினா ரெண்டு நாள் கடுக்கும். பழைய துணியால தடவினா முள்ளுல மாட்டும். ஒட்டும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, அது காயற வரைக்கும் பொறுங்க. ஈரத்தோட ஒட்டுறதுனாலதான் பாதி ஒட்டு பிடுங்கிக்குது.

வழியில டயர்ல முள் நிக்கிறதைப் பார்த்தா உடனே பிடுங்கத் தோணும். காத்து நிக்குதுன்னா விட்டுடுங்க. பல நேரம் அந்த முள்ளேதான் ஓட்டைக்கு அடைப்பு. பஸ் ஸ்டாப்ல போய் பிடுங்குங்க, சாயங்காலம் ஒட்டிக்கலாம்.

டயர் ஓரத்துல போட்டிருக்கிற பிஎஸ்ஐ அளவைப் பார்த்து வாரம் ஒரு தடவை காத்து அடிங்க. ஓட்டை இல்லாட்டியும் ரப்பர் வழியா காத்து கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். பியூட்டைல் டியூப்ல மெதுவா, இயற்கை ரப்பர்ல வேகமா.

இந்த செமஸ்டர்ல இதுவரைக்கும் 6.10-ஐ ஒரு நாள்தான் விட்டிருக்கேன், அன்னிக்கும் பஸ்தான் ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிடுச்சு. என் பேக்ல எப்பவும் ரெண்டு வால் டியூப், உப்புத்தாள், சொல்யூஷன் கிடக்கும். வேணும்னா தேர்ட் இயர் மெக் பி செக்ஷன்ல வந்து கேளுங்க.