பூச்சுக்கு அடியில் துரு

எங்கள் காலத்துத் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். துரைக்கு ஒன்று, பெரிய கிராணிக்கு ஒன்று, ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு ஒன்று. லயத்து வீடுகளில் இருந்த எங்களுக்குச் சைக்கிளே பெரிய சொத்து. அந்த நாளில் மலாயாச் சாலைகளில் அடிக்கடி கண்ணில் பட்ட கார்களில் ஒன்று, ஆமை முதுகுபோல் வளைந்த மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த அந்தக் கார், 1948-ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் செய்யப்பட்டன. பிரிட்டனில் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுதான்.

எங்கள் வீட்டு மைனர் 1964-ஆம் ஆண்டு வண்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராணி ஒருவரிடமிருந்து 1976-இல் என் கணவர் வாங்கினார். அவர் தோட்டத்து லாரி ஓட்டுநர்; நான் மரம் சீவியவள். இருவர் சம்பளத்திலும் மாதாமாதம் ஒதுக்கி, கூட்டுப் பணம் எடுத்து வாங்கிய வண்டி அது. வாங்கிய நாளிலிருந்து அது எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்களை அவர் அதில்தான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பரீட்சைக்குப் போன பிள்ளைகளும் அதில்தான் போனார்கள். எண்ணெய்க் காசு கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்து தோட்டம் செம்பனையானது. நாங்கள் பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்தோம். 2011-இல் அவர் காலமானார். வீட்டோரத் தகரக் கொட்டகையில் வண்டி பதினோரு வருடம் அசையாமல் நின்றது. கொட்டகையின் ஒரு பக்கம் மழைச்சாரல் அடிக்கும் பக்கம். எங்கள் நாட்டு மழையைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா?

2022-இல் மகன் சொன்னான்: “அம்மா, இனி இது ஓடாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.” அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேரன் மட்டும், “பாட்டி, நான் சரிசெய்கிறேன். பிறகு நானே ஓட்டுவேன்” என்று பிடிவாதமாக நின்றான். சாயமடிப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். சுற்றி வந்து பார்த்தவர், இரண்டே வாரத்தில் புது வண்டி மாதிரி ஆக்கித் தருவதாகச் சொன்னார். “அடியில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “அடியை யார் பார்க்கப் போகிறார்கள், அம்மா?” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கியது. அந்த அடியை நம்பித்தானே என் பேரன் உள்ளே உட்காரப் போகிறான்!

துரு என்பது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. இரும்பும் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, இரும்பே வேறு பொருளாக மாறிவிடுவது அது. மாறிய பொருள் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் சாயம் கொப்புளம்போல் எழும்புகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்பக்கம் தகடு எப்போதோ கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சேறுதான் இதற்குப் பெரிய கூட்டாளி. தோட்டத்துச் செம்மண் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டால், வெயில் அடிக்கும் நாளிலும் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். லாரிக்கு அடியில் தனியாக ஒரு சட்டம் இருக்கும். மேலே உள்ள பெட்டி உளுத்தாலும் சட்டம் தாங்கும். மைனருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்துப் பற்றவைத்த உடம்பேதான் அதற்குச் சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி, முன் இருக்கைப் பக்கம் தரைக்கடியில் குறுக்கே போகும் உத்திரம், பின் பட்டை வில்லின் முன்முனை பிடித்திருக்கும் இடம், இந்த மூன்றும் வண்டியின் எலும்பு. அதிலும் அந்தக் குறுக்கு உத்திரத்தில்தான், முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் பொருந்தியிருக்கின்றன. அது உளுத்தால் அழகு கெடுவதோடு போகாது, உயிருக்கே ஆபத்து.

முதல் வேலையாகச் சோதனை செய்தோம். அதற்குக் காசு செலவில்லை. ஐஸ் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பேரன் எடுத்துவந்து உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தான். நல்ல தகட்டில் காந்தம் கப்பென்று பிடித்தது. பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழுந்தது. நான் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு ‘டிங்’ என்று பதில் சொன்னது. உளுத்த தகடு ‘பொத்’தென்றது. இடது கதவுக்குக் கீழே திருப்புளியின் முனை உள்ளேயே போய்விட்டது. தோண்டினால், பட்டிக்குப் பின்னால் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள்! எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டையைக் காகிதத்தால் அடைத்து, மேலே பட்டி பூசிச் சாயமும் அடித்திருக்கிறார்கள். குறுக்கு உத்திரத்தின் இடதுமுனையும் விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தது.

அன்றிரவு வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. “தாத்தா வண்டி என்பதற்காக இருக்கிற பணத்தை இதில் கொட்டுவதா?” என்று மகன் கேட்டான். பணம் என்னுடைய சேமநிதியில் மிஞ்சியிருந்த பணம். நான் இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கடன் வாங்கக் கூடாது. இரண்டு, இரும்பு தாங்க வேண்டிய இடத்தைப் பட்டி தாங்கக் கூடாது. இந்த இரண்டில் எது தவறினாலும் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும் என்றேன். மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

மைனரில் ஒரு வசதி உண்டு. முன்னும் பின்னும் உள்ள நான்கு சக்கரக் காப்புகளும் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றிவிடலாம். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் மெதுவாகத் திருப்பினோம். ஒவ்வொன்றையும் கழற்றியபடியே சின்னப் பால் டின்களில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வைத்தோம்.

பிறகு சுரண்டும் வேலை. அது என் வேலை. பேரன் முதல் நாள் வேகமாகத் தேய்த்துவிட்டு, “போதும், பாட்டி” என்றான். நான் கம்பித் தூரிகையை வாங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் மரம் சீவிய கை இது. பால்மரத்தில் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். கத்திமுனை எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். தகடும் அப்படித்தான். கறுப்புப் புள்ளி ஒன்று மிச்சம் இருந்தாலும் துரு அங்கிருந்தே மறுபடி கிளம்பும். வெள்ளி மாதிரி மின்னும் வரை போக வேண்டும். நல்ல தகட்டைத் தேய்த்து மெலிய வைக்கவும் கூடாது.

பள்ளத்தில் ஒளிந்த துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடையில் கிடைக்கிறது. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தைக் கையாண்ட நமக்கு அமிலத்தின் குணம் தெரியும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, டப்பாவில் உள்ளபடி செய்ய வேண்டும். அந்தக் காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம், முகமூடி போட்டுக்கொண்டோம், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. தேய்த்த இடத்தைத் தண்ணீர் போகத் துடைத்து நன்றாக உலர்த்தினோம். நம் ஊர்க் காற்றில் வெறும் தகட்டை ஓர் இரவு விட்டால் போதும், காலையில் மஞ்சள் பூத்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு முழம் என்றாலும், தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே முதல் பூச்சு அடித்துவிட்டோம்.

எலும்பைப் பற்றவைக்கும் வேலையை வீட்டில் செய்யவில்லை. பட்டணத்தில் லாரிகளுக்குப் பற்றவைக்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் கொண்டுபோனோம். உத்திரத்துக்கும் விளிம்புப் பெட்டிக்கும் பிரிட்டனில் இன்றும் புதுத் தகடுகள் செய்து விற்கிறார்கள். அவற்றை மட்டும் வரவழைத்தோம். தரையில் வைக்கும் ஒட்டுகளை உள்ளூர்த் தகட்டிலேயே வெட்டி மடித்தோம். தவுக்கே முதலில் பேட்டரியைக் கழற்றினார். பின்பக்கம் சாமான் பெட்டிக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியையும் இறக்கி வெளியே வைத்தார். வண்டியின் உடம்பு தொய்யாதபடி பல இடங்களில் முட்டுக் கொடுத்தார். கதவுகளை மாட்டி வைத்து, இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் உளுத்ததை வெட்டினார். கதவு இல்லாமல் பற்றவைத்துவிட்டால், பிறகு கதவு மூடாமல் போகலாம். ஒரே மூச்சில் கோடு இழுக்காமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாகச் சூடு ஆறவிட்டுப் பற்றவைத்தார். இல்லையென்றால் மெல்லிய தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். “அக்கா, இது உங்களுக்குப் பிறகும் ஓடும்” என்று சிரித்தார்.

பட்டி என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. தட்டி நிமிர்த்திய முழுத் தகட்டில், சின்னப் பள்ளத்தை நிரவ மெல்லியதாகப் பூசலாம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். ஓட்டைக்கு மேல் பூசினால் பின்பக்கமாக ஈரம் ஏறி, சில மழைக்காலங்களிலேயே உதிர்ந்துவிடும். கடைசிச் சாயத்தைப் பட்டறையில் கொடுத்து அடித்தோம். உறைவிப்பான் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைச் சாயத்தின் ஆவி மூச்சுக்கு மிகக் கெடுதல். அதற்குரிய அறையும் காற்று முகமூடியும் வீட்டில் கிடையாது. முடிவில் விளிம்புப் பெட்டிகளின் உள்ளே மெழுகு பீய்ச்சினோம். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. மெழுகோ சாயமோ அவற்றை அடைத்துவிடாதபடி குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் முடியப் பதினான்கு மாதங்கள் ஆயின. ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. சோதனைக்குக் கொண்டுபோகும் முன், மகன் தானாகவே வண்டிக்கு அடியில் படுத்து, விளக்குப் பிடித்து ஓர் அங்குலம் விடாமல் பார்த்தான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, “பின்னால் உட்காருங்கள், அம்மா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதும்.

இதைப் படிக்கும் எல்லார் வீட்டிலும் மைனர் இருக்காது. ஆனால் பழைய மோட்டார் சைக்கிளோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வேனோ, வாசல் இரும்புக் கதவோ இருக்கும். மழை விட்டதும் வண்டியின் அடிச்சேற்றைக் கழுவுங்கள். தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்து வையுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறீர்களென்றால் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். சாயத்தின் மினுக்கைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நெடுங்காலம் நின்றுபோன வண்டியைச் செப்பனிடுவதாக இருந்தால், அதை மறுபடி சாலையில் இறக்க என்னென்ன சோதனை வேண்டும் என்று ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேய்ப்பதும் துடைப்பதும் நம் வீட்டுக் கைகளுக்கு முடியாத வேலை அல்ல, பொறுமைதான் வேண்டும். உயிரைத் தாங்கும் இடத்தை மட்டும் தெரிந்தவர் கையில் விடுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும் தயங்காதீர்கள்.