டம்டம்: ஈயக் குண்டின் ஊர்

உலகத்து அகராதிகளில் இடம் பெற்றுவிட்ட ஊர்கள் நம் தேசத்தில் சில உண்டு. காஷ்மீரம் ஒரு கம்பளித் துணிக்குப் பெயர் கொடுத்தது. கள்ளிக்கோட்டை ஒரு பருத்தித் துணிக்குப் பெயர் கொடுத்தது. கல்கத்தாவுக்கு வடகிழக்கே சில மைல் தூரத்திலுள்ள டம்டம் என்னும் ஊருக்கு வாய்த்த பாக்கியம் வேறு மாதிரி. அது ஒரு துப்பாக்கிக் குண்டுக்குப் பெயர் கொடுத்தது.

இந்தக் காலத்தில் டம்டம் என்றதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது ஆகாய விமானந்தான். அங்குள்ள விமான நிலையம் 1995-ஆம் ஆண்டு முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. நாம் விமானத்தை நாடிச் செல்லவில்லை. சியால்தாவில் ரயில் ஏறி, டம்டம் கண்டோன்மெண்டு ஸ்டேஷனில் இறங்கினோம். கல்லூரியில் நம்முடன் படித்த வங்காள நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். கடைத்தெரு நெரிசலைக் கடந்து நாகர்பஜார்ப் பக்கம் போனால், ஒரு மேட்டின்மீது பாழடைந்த மாளிகை ஒன்று தென்படுகிறது. ராபர்ட் கிளைவ் தங்கியிருந்த வீடு அது. 'தம்தமா' என்றால் பாரசீகத்தில் மண்மேடு அல்லது பீரங்கி மேடை என்று பொருள். ஊரின் பெயர் அதிலிருந்து வந்ததென்பார்கள். அந்த மேட்டைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்களுக்குக் கிளைவுக்கு வெகுகாலம் முற்பட்ட பொருள்களும் அகப்பட்டன. கிளைவோ மேட்டுக்கு நேற்று வந்த விருந்தாளி!

1783 முதல் 1853 வரையில் கம்பெனியாரின் வங்காளப் பீரங்கிப் படைக்கு டம்டம் தலைமை ஸ்தானமாக இருந்தது. 1846-இல் இங்கே தோட்டாத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்த ஸ்தாபனம் இன்றும் நெடுஞ்சுவருக்குள் இருந்து வருகிறது. 2021 முதல் அரசாங்கக் கம்பெனி ஒன்றின் கீழ் நடக்கிறது. அந்நியர் உள்ளே போக முடியாது. சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று நண்பர் சிரித்தார். ஆனால் இந்தச் சுவருக்குள்ளிருந்து புறப்பட்ட சங்கதி ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் மூலகாரணம் ஈயம் என்னும் உலோகத்தின் மென்மை.

ஈயத்தின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 327 டிகிரி சென்டிகிரேடில் அது உருகிவிடும். அடுப்புக் கரியும் இரும்புக் கரண்டியும் ஓர் அச்சும் இருந்தால் எவரும் குண்டு வார்க்கலாம். கனத்த உலோகமாகையால் வெகுதூரம் வேகம் குன்றாமல் போகும். மெதுவானதாகையால் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் சுழல் வரிகளில் நன்றாகப் பதிந்து, பம்பரம்போல் சுழன்றுகொண்டு வெளிவரும். சுழலும் குண்டுதான் நேராகப் போகும். ஆனால் அதே மென்மையினால் குழலின் சுவரில் உராய்ந்து ஒட்டிக்கொள்ளும். சில தடவை சுட்டதும் வரிகளெல்லாம் ஈயம் பூசிப் போகும், குறி தப்பும். ஆதலால் வார்த்த ஈயக் குண்டுக்குக் கொழுப்போ மெழுகோ தடவாமல் தீராது.

சிப்பாய்களுக்குக் கொடுக்க வந்த என்பீல்டு துப்பாக்கிக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம். அதன் குழல் 0.577 அங்குல அகலம். குண்டோ சுத்த ஈயத்தாலானது, 34 கிராம், பழைய கணக்கில் ஏறக்குறைய மூன்று தோலா. மருந்தும் குண்டும் சேர்ந்த காகிதச் சுருளின் நுனியைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டை வாய் வழியே குழலுக்குள் இடிக்க வேண்டும். சுலபமாய் இறங்குவதற்காகவே காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். எந்தப் பிராணியின் கொழுப்பு என்பதைப் பற்றி அதிகாரிகள் போதிய கவலை எடுத்துக்கொள்ளவில்லை. 1857 ஜனவரி மாதம் இந்த டம்டமிலேதான், தாழ்ந்த சாதியாரென்று ஒதுக்கப்பட்ட தொழிலாளி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயின் லோட்டாவில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் மறுத்தார். "பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிற உங்களுக்கு இனி ஜாதி ஏது?" என்ற கருத்துப்படத் தொழிலாளி திருப்பிக் கேட்டுவிட்டார். ஜனவரி 22-ந் தேதி கேப்டன் ரைட் என்பவர் இதை மேலதிகாரிகளுக்கு எழுதினார். மார்ச்சு 29-ந் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை எடுத்தார். மே 10-ந் தேதி மீரட் எழுந்தது.

புரட்சிக்குக் கொழுப்பு ஒன்றே காரணமென்று சொல்வது சரித்திரத்தைக் கேலி செய்வதாகும். அயோத்தி ராஜ்யத்தை விழுங்கியது முதல் எத்தனையோ குறைகள் உள்ளே புகைந்துகொண்டிருந்தன. எனினும் ஒரு விஷயம் சொல்லத்தக்கது. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து சிப்பாய்களே தடவிக்கொள்ளலாம் என்று சர்க்கார் பிறகு இணங்கினார்கள். இணங்கிய காலத்தில் நம்பிக்கை போய்விட்டது. இன்றைக்கும் தாமே ஈயக் குண்டு வார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் மெச்சிப் பூசுவது தேன்மெழுகு சேர்ந்த கலவைதான்!

அப்புறம் துப்பாக்கிகள் மாறின. காகிதச் சுருள் போய்ப் பித்தளைத் தோட்டா வந்தது. அதன் அடியில் நட்டநடுவே ஊசி அடித்ததும் வெடிக்கும். 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் குழல் 0.45 அங்குலமாகச் சுருங்கியது. வெறும் ஈயம் தாங்காதென்று பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து கெட்டிப்படுத்தி, குண்டைக் காகிதத்தால் போர்த்தினார்கள். 1884-இல் பால் வியேல் என்னும் பிரெஞ்சுக்காரர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1888-இல் பிரிட்டிஷார் 0.303 அங்குலக் குழலுடைய லீ மெட்போர்டு துப்பாக்கியை ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவு சிறிய குழலில்தான் ஈயம் தோல்வியுற்றது. மார்ட்டினியின் குண்டு செகண்டுக்குச் சுமார் 1,350 அடி சென்றது; புதிய குண்டு புகையற்ற மருந்தால் சுமார் 2,000 அடி சென்றது. மார்ட்டினியின் வரிகள் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. லீ மெட்போர்டில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் அவ்வளவு நெருக்கமான திருப்பத்தில் திருகினால், வெறும் ஈயம் வரியைப் பிடித்துக்கொள்ள மாட்டாமல் வழுக்கிச் சிதைந்து போகும். ஓட்டப் பந்தயத்தில் வழுக்குத் தரையில் திரும்பும் பையனின் கதிதான். ஸ்விட்சர்லாந்து தேசத்து எட்வர்டு ரூபின் முன்னமே வழி காட்டியிருந்தார்: ஈயத்துக்கு உலோகச் சட்டை மாட்டுவது. பிரிட்டிஷார் செம்பும் நிக்கலும் கலந்த சட்டை போட்டார்கள். சிறு துப்பாக்கியில் வார்த்த ஈயத்தைச் சுடுவோர் இன்றும் இந்த இடைஞ்சலோடுதான் போராடுகிறார்கள். அஞ்சனக் கல்லிலிருந்து எடுக்கும் ஆண்டிமனியைக் கலந்து கெட்டிப்படுத்துகிறார்கள். குண்டின் அடியில் சிறு செம்புக் குல்லாய் வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மருந்தைக் குறைத்து வேகத்தை அடக்குகிறார்கள். பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் அது போதும். யுத்தத்துக்குப் போதவில்லை.

சட்டை போட்ட குண்டோ வேறு தொல்லை கொடுத்தது. 1895-இல் சித்ரால் சண்டையில் அது எதிரியின் உடம்பைச் சுத்தமாகத் துளைத்துச் சென்றுவிட, அவர் நிற்காமல் ஓடி வருகிறார் என்று வெள்ளை அதிகாரிகள் முறையிட்டார்கள். டம்டம் ஆலையின் தலைவராயிருந்த கேப்டன் பெர்டி கிளே அதற்குப் பரிகாரம் கண்டார். சட்டையின் நுனியைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் திறந்துவிட்டார். உள்ளேயிருந்த ஈயம் முகத்தைக் காட்டியது. உடம்பில் பட்டதும் அது காளான்போல் விரியும். சதையையும் எலும்பையும் கிழிக்கும். 1897-98-இல் திரா மலைகளில் அப்ரீதிகள்மீதும் ஓரக்சாய்கள்மீதும் அதைப் பிரயோகித்தார்கள்.

1899-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில் இத்தகைய குண்டுகளை விலக்கப் பிரேரணை வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பழைய மார்ட்டினியின் வெறும் ஈயமும் உடம்பில் சப்பளிந்துதான் போயிற்று, அப்போது யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்று கேட்டால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயமுண்டு. ஆனால் பிரிட்டனின் பிரதிநிதியான ஸர் ஜான் ஆர்டா அதோடு நிற்கவில்லை. நாகரிகமுள்ள சோல்ஜர் காயம்பட்டால் விலகிவிடுவான், காட்டுமிராண்டியோ இரண்டு மூன்று காயம் பட்டும் மேலே வருவான் என்று வாதித்தார். தன் வீட்டு வாசலைக் காக்க நின்ற மலைவாசிக்கு அவர் கொடுத்த பட்டம் அது. ஜூலை 29-ந் தேதி பிரகடனம் நிறைவேறியது. பிரிட்டன் அதற்குச் சம்மதித்தது 1907-இல்தான்.

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. லிட்டன் பிரபுவின் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைஸென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். டம்டம் ஆலையில் வேலை செய்த வங்காளத் தொழிலாளி பகலெல்லாம் ஆயிரக்கணக்கில் தோட்டா செய்யலாம். மாலையில் ஒரு தோட்டாவோடு வீட்டுக்குப் போனால் ஜெயில். அந்தச் சட்டம் 1959-இல்தான் மாற்றி எழுதப்பட்டது.

முதல் மகாயுத்தத்தில் இரு கட்சியாரும் எதிரி டம்டம் குண்டு போடுகிறான் என்று ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினார்கள். இந்த ஊரையே பாராத குண்டுகளுக்கெல்லாம் இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதனைச் சுட விலக்கிய அதே விரியும் குண்டைத்தான் மான் வேட்டைக்குக் கட்டாயமாக உபயோகிக்க வேண்டுமென்று இங்கிலாந்திலேயே சட்டமிருக்கிறது. பிராணி துடிக்காமல் சீக்கிரம் சாகும் என்பது காரணம். வங்காள நண்பர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 1928 முதல் இங்கே கிராமபோன் தட்டுகளும் செய்தார்கள், அதற்கு ஏன் உலகம் எங்கள் ஊரின் பெயரை வைக்கவில்லை என்று கேட்டார்.

கல்கத்தாவுக்குச் செல்லும் வாசகர்கள் அரை நாள் ஒதுக்கினால் டம்டமைப் பார்த்துவிடலாம். பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலும் டம்டம் ஸ்டேஷன் வரையில் கொண்டுபோய் விடும். கிளைவ் மாளிகையின் சுவர்கள் பழுதுபட்டவை. குழந்தைகளை அருகில் விட வேண்டாம். ஆலைச் சுவரைப் படம் பிடிக்க முயல்வதும் உசிதமல்ல.