நானோ சீரம் மங்கைப் போக்குமா?

திருவண்ணாமலையில ஓ.பி. பார்க்கிறேன். கிரிவலப் பாதையில கடை போட்டிருக்கிறவங்க, வயல் வேலைக்குப் போறவங்கன்னு நாள்பூரா வெயில்ல நிக்கிற பெண்கள் நிறைய பேர் கன்னத்துல மங்கோட வர்றாங்க. இப்போ கையில ஒரு பாட்டிலும் இருக்கு: "நானோ வைட்டமின் சி சீரம்". அதைப் பத்தித்தான் இந்தத் திரெட்.

தோலோட மேல் அடுக்கு செத்த செல்களால ஆன சுவர். செங்கல் மாதிரி செல்கள், நடுவுல கலவை மாதிரி கொழுப்பு. தடிமன் வெறும் 10 முதல் 20 மைக்ரான், ஒரு தலைமுடி அளவுகூட இல்ல. ஆனா காவல் பலம். 500 டால்டனுக்கு மேல எடையுள்ள மூலக்கூறு அதைத் தாண்டுறது கஷ்டம்னு ஒரு கணக்கு உண்டு.

வைட்டமின் சி 176தான். அப்போ ஈஸியா போகணுமே? போகாது. அது தண்ணியில கரையிற சாமான், சுவர்ல இருக்கிறதோ கொழுப்பு. உள்ளே போகணும்னா கரைசலோட pH 3.5-க்குக் கீழ இருக்கணும். அதனாலதான் சில சீரம் போட்டதும் எரியுது.

மஞ்சள்ல இருக்கிற குர்குமினுக்கு வேற பிரச்சினை. தண்ணியில கரையாது, வெளிச்சத்துல சிதைஞ்சிடும். மஞ்சள் கறை பட்ட துணியை வெயில்ல போட்டா கறை வெளுக்குதே, அதேதான்.

இந்த மாதிரி சரக்கை ஏத்திட்டுப் போகத்தான் குட்டி வண்டி. 1960-கள்ல இங்கிலாந்துல அலெக் பாங்கம் கவனிச்சது இது: முட்டைக்கரு, சோயாவுல இருக்கிற ஒருவகைக் கொழுப்பைத் தண்ணியில விட்டா தானாவே நுண்ணிய குமிழ் ஆகுது. பேரு லிப்போசோம். 1986-லயே டியோர் கம்பெனி இதை வச்சு முகக் கிரீம் வித்தாச்சு. ஆக, புதுசு இல்ல.

விளம்பரத்துல உருண்டை உருண்டையா ஆழத்துக்கு நீந்திப் போகும் பாருங்க, அது அனிமேஷன். பெரும்பாலான லிப்போசோம் மேல் அடுக்கிலேயே உடைஞ்சு அங்க இருக்கிற கொழுப்போட கலந்து, கொண்டுவந்ததை அங்கேயே இறக்கி வைக்கும். கொஞ்சம் முடிக்கால் குழியில தங்கும். அதுவும் உதவிதான், அற்புதம் இல்ல.

நானோன்னாலே ஏமாத்துன்னு நான் சொல்லல. 2021-ல கருப்புப் பூஞ்சை வந்தப்போ ஊரே தேடி அலைஞ்ச லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசியும் இதே குமிழ்தான். சாதா ஆம்போடெரிசின் கிட்னியைப் பதம் பார்க்கும், குமிழுக்குள்ள வச்சா அந்தப் பாதிப்பு குறையும். ஆனா அது சோதிச்சு அனுமதி வாங்கின மருந்து. அழகுசாதனம்னு விக்கிற பாட்டிலுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. உள்ளே குமிழ் இருக்கா, எத்தனை மாசம் உடையாம தாங்கும்? லேபிள்ல தேடினாலும் கிடைக்காது.

ராஜகோபுரத்துக்கிட்ட பூ விக்கிற அக்கா ஒருத்தங்க 1,100 ரூபா சீரம் காட்டினாங்க. டிகாஷன் கலர்ல இருந்துச்சு. வைட்டமின் சி காத்துப்பட்டுக் கெட்டுப்போனா அப்படித்தான் பழுக்கும். ரெண்டு நாள் பூ வித்த லாபம் டாக்டர்ன்னாங்க. அவங்க உட்கார்ற இடம் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேரா முகத்துல. மொதல்ல கடையை நிழலுக்கு நகர்த்துங்கன்னேன்.

மங்குக்கு வெயில்தான் முதல் எதிரி. குடை, தொப்பி, தினமும் சன்ஸ்கிரீன். அதுலயும் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல இருக்கிறது நல்லது. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதையும் இது கொஞ்சம் தடுக்கும். பூசுற மருந்து ஜி.ஹெச். தோல் பிரிவுல கேளுங்க, கர்ப்பமா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் மாசம் வெளுக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு சிவந்து, மங்கு பழையபடி வந்து நிக்கும்.