கான்ஃபிடன்ஸ் இருக்கா பாஸ்?

நியூயார்க், 1849. டிப்டாப்பா டிரெஸ் பண்ணின ஒரு ஆசாமி, தெருவில் போற வசதியான ஆளுங்ககிட்ட பேச்சுக் கொடுப்பான். பழைய ஃப்ரெண்டு மாதிரி நாலு வார்த்தை. அப்புறம் ரொம்ப மரியாதையா ஒரு கேள்வி... ‘நாளைக்கு வரைக்கும் உங்க வாட்சை என்கிட்ட கொடுத்து வைக்கிற அளவுக்கு என் மேல நம்பிக்கை இருக்கா சார்?’

‘இருக்கே!’ன்னு எடுத்துக் கொடுத்தவங்க உண்டு. வாட்சோட ஆளும் எஸ்கேப்!

தாம்சன் என்கிற அந்த ஆசாமி அதே வருஷம் ஜூலையில் மாட்டினான். வாட்சைப் பறிகொடுத்த ஒருத்தரே அவனைத் தெருவில் பார்த்து, போலீஸில் பிடிச்சுக் கொடுத்தார். பத்திரிகையில் அவனுக்குக் கிடைச்ச பட்டம், ‘கான்ஃபிடன்ஸ் மேன்’. ‘மோபி டிக்’ எழுதின ஹெர்மன் மெல்வில், 1857-ல் இதே பேரில் ஒரு நாவலே எழுதிட்டார். வெளியான தேதி? ஏப்ரல் 1!

நாளாக ஆக, கான்ஃபிடன்ஸ் மேன் இளைச்சு ‘கான்மேன்’ ஆச்சு. இன்னும் இளைச்சு வெறும் ‘கான்’. (‘ப்ரோஸ் அண்ட் கான்ஸ்’ல வர்ற கான் வேற குடும்பம். அது ‘எதிராக’ என்கிற லத்தீன் வார்த்தையோட வாரிசு.) கான்ஃபிடன்ஸுக்கு லத்தீன்ல வேர், ‘நம்பு’. ஆக, ஏமாத்துறதுக்கான வார்த்தையோட வயித்துக்குள்ள நம்பிக்கை உட்கார்ந்திருக்கு!

நம்ம ‘ஃபோர் ட்வென்ட்டி’யும் இதே கதைதான். 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு சொன்ன குற்றம், ஒருத்தரை ஏமாத்தி, அவரே பொருளை ஒப்படைக்கும்படி தூண்டுறது. பறிக்கிறது இல்லை, கொடுக்க வைக்கிறது. 2024 ஜூலை 1-லிருந்து அது புதுச் சட்டத்தில் 318-வது பிரிவுக்குப் போயிடுச்சு. ஆனா, யாரையாவது ‘சரியான த்ரீ எய்ட்டீன்’னு திட்டிப் பாருங்க... எடுபடாது!

இந்த வார்த்தை ஆராய்ச்சி எல்லாம் எனக்கு எதுக்கு? என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்காகத்தான். ‘பார்ட் டைம் வேலை, டெபாசிட் ஆறாயிரம்’னு ஒருத்தன் போன்ல பேசினான். மூணு நாள் தினமும் கூப்பிட்டு, ‘சாப்பிட்டியாம்மா?’ன்னு அக்கறையா விசாரிச்சான். ஆஃபர் லெட்டர்கூட அனுப்பினான். பணம் போன அடுத்த நிமிஷம் நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். அவ அதை எங்ககிட்ட சொன்னது நாலு நாள் கழிச்சு! அதுவரைக்கும் மெஸ்ஸுக்கு வரலை, வீட்டுக்குப் போன் பண்ணலை. ‘படிச்ச பொண்ணு, எப்படிடி ஏமாந்தே?’ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். அந்த நாலு நாளும் யாருக்கு லாபம்? அவனுக்குத்தான்!

நாம பேசுற பேச்சும் அப்படித்தானே இருக்கு? நாமம் போட்டுட்டான்... நெத்தி யாரோடது? காதுல பூ சுத்திட்டான்... காது யாரோடது? தலையில மிளகாய் அரைச்சுட்டான்... தலை யாரோடது? எல்லாமே ஏமாந்தவங்களோடது! ஏமாத்தினவன் முகம் எதிலேயுமே தெரியறதில்லை. ‘கான்’ என்கிற வார்த்தை அந்த விஷயத்தில் நியாயமானது. அதோட பிறப்பிலேயே ஒரு திருட்டு ஆசாமி நிற்கிறான். எதிரில் நிற்கிறவர் முட்டாள் இல்லை, நம்பினவர். அவ்வளவுதான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ்... நாளைக்கு உங்க ரூம்மேட் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்து ‘பணம் போச்சு’ன்னு சொன்னா, ‘எப்படி ஏமாந்தே?’ன்னு கேட்காதீங்க. ‘எப்போ அனுப்பினே?’ன்னு கேளுங்க. உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் போட்டுக் கொடுங்க. சீக்கிரம் சொன்னா, பணம் கை மாறுறதுக்குள்ள தடுக்க வாய்ப்பு உண்டு. அட்வைஸ் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்!